கூடு விட்டுக் கூடு பாயும் கேமரா

நகரும் கேமராவால் எடுக்கப்பட்ட ஒரு ஷாட்டில் கணினியில் செய்த யானை ஒன்று நடந்துவர வேண்டுமானால், அந்த யானையைப் படம்பிடிக்கும் கணினிக் கேமராவும், படப்பிடிப்புத் தளத்தில் உண்மைக் கேமரா எந்தக் கணத்தில் எங்கே இருந்ததோ, எந்தப் பக்கம் திரும்பியதோ, எந்த லென்ஸின் வழியே பார்த்ததோ, அதே இடத்தில் இருந்து அதே பக்கம் திரும்பி அதே பார்வையோடு பார்த்தாக வேண்டும். இல்லையேல் யானையின் கால் மண்ணில் ஊன்றாமல் வழுக்கிக்கொண்டே போகும். உண்மைக் கேமராவின் பயணத்தைப் படத்திலிருந்தே கணக்கிட்டு மீட்டெடுக்கும் இந்த வேலைக்குத் திரைத்துறையில் மேட்ச்மூவ் என்று பெயர். படத்தில் தெரியும் சுவர்முனை, கல், தரைக்கோடு போன்ற நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஃபிரேம் ஃபிரேமாகப் பின்தொடர்வது டிராக்கிங். அப்புள்ளிகள் திரையில் நகர்ந்த விதத்தைக் கொண்டு கேமராவின் இருப்பையும் புள்ளிகளின் முப்பரிமாண இடத்தையும் ஒருசேரக் கண்டறிவது சால்வ். அப்படிக் கிடைத்த சால்வை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பார்ப்பதற்கு ஒரு கோப்பைச் சேமித்து மறுபுறம் திறக்கும் காரியமாகவே தோன்றும். ஆனால் கோப்பு மறுபுறத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறந்துகொள்வதும், கேமராவும் ஒழுங்காக நகர்வதுபோலத் தெரிவதும், மூன்று வாரம் கழித்து வேறொரு துறையில் யானை வழுக்குவதும் இத்தொழிலில் பழகிப்போன நிகழ்வுகள்.

இதற்கான காரணம் இந்த மென்பொருள்கள் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. ஒரே பொருளைப் பல இடங்களிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு எல்லாக் கேமராக்களின் நிலையையும் எல்லாப் புள்ளிகளின் இடத்தையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பாகத் தீர்க்கும் முறையை 1950களின் பிற்பகுதியில் டுவேன் பிரவுன் அமெரிக்க வான்படைக்காக வகுத்தார். இரண்டு படங்களில் பொருந்தும் எட்டுப் புள்ளிகள் இருந்தால் கேமராக்களின் ஒப்பு நிலையைக் கண்டுவிடலாம் என்பதை லாங்கெட்-ஹிக்கின்ஸ் 1981இல் நேச்சர் இதழில் எழுதினார். இந்தக் கணிதம் பொதுச்சொத்து. அதன்மீது எழுந்த மென்பொருள்களோ தனித்தனி வீடுகளில் வளர்ந்தவை. ஜெர்மனியின் சயன்ஸ்-டி-விஷன்ஸ் நிறுவனத்தின் 3டிஈக்குவலைசர், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுகளிலிருந்து பிறந்த பூஜூ, பிரிட்டனின் பிக்சல் ஃபார்ம் தரும் பிஎஃப்டிராக், அமெரிக்காவில் எழுதப்பட்ட சிந்த்ஐஸ், 2011 டிசம்பரில் பிளெண்டர் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட டிராக்கர் என ஒவ்வொன்றும் எந்த அச்சு மேல்நோக்கியது, நீளத்துக்கு எந்த அலகு, முதல் ஃபிரேமின் எண் என்ன என்பவற்றைத் தன் வசதிப்படி முடிவு செய்துகொண்டது. அந்த முடிவுகள் எல்லாக் கோப்புகளிலும் எழுதப்படுவதில்லை. பல நேரம் விடையாகக் கிடைத்த எண்கள் மட்டும் பயணம் செய்கின்றன. அடியா கெஜமா என்று சொல்லாமல், நான்கெல்லையும் குறிக்காமல், நாற்பதுக்கு அறுபது என்று மட்டும் எழுதிய நிலப் பத்திரத்தின் நிலைதான் அந்தக் கோப்புக்கும்.

ஒரே மென்பொருளில் வேலையை முடித்துவிட்டால் இத்தனை தொல்லை எதற்கு என்று கேட்கலாம். தானாகப் புள்ளிகளைத் தேடிப் பிடிப்பதில் ஒன்று வேகமானது. லென்ஸின் குணத்தை நுட்பமாகக் கணக்கிடுவதில் இன்னொன்று தேர்ந்தது. சட்டை, முகம் போன்ற பரப்புகளைப் பின்தொடர மோக்கா போன்றவை வேண்டும். ஒரு படத்தின் ஷாட்டுகள் பல நாட்டு நிறுவனங்களுக்குப் பிரிந்து போகின்றன. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை நகரங்களில் வெளிநாட்டுப் படங்களுக்கான மேட்ச்மூவ் வேலை பெருமளவில் நடப்பதும், அங்கிருந்து போகும் கேமராவை வேறு மென்பொருள் வைத்திருக்கும் இன்னொரு கலைஞர் திறப்பதும் அன்றாடம். மென்பொருளே மறைந்துபோவதும் உண்டு. ரியல்விஸ் நிறுவனத்தின் மேட்ச்மூவர் 2008இல் ஆட்டோடெஸ்க் வசம் போய்ப் பின்னர் விற்பனையிலிருந்தே நின்றுவிட்டதால், அதில் செய்து வைத்த பழைய சால்வுகளைத் தேவைப்படும்போது வேறிடத்துக்குக் கொண்டுவருவதைத் தவிர வழியில்லை.

எதை மாற்றுவது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். ஒரு மேட்ச்மூவ் மென்பொருளிலிருந்து இன்னொரு மேட்ச்மூவ் மென்பொருளுக்குப் போகும்போது, முடிந்த சால்வை அப்படியே தூக்கிக்கொண்டு போவதைவிட, திரையில் புள்ளிகள் நகர்ந்த இருபரிமாணத் தடங்களையும் லென்ஸ் விவரங்களையும் தளத்தில் எடுத்த அளவுகளையும் மட்டும் அனுப்பி, அங்கே மீண்டும் சால்வ் செய்துகொள்வதே பெரும்பாலும் நேரான வழி. ஏனெனில் புதிய மென்பொருள் தன் சொந்த வழக்கப்படி கணக்கிட்ட விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். அப்போதும் புள்ளியின் இடத்தை ஒன்று பிக்சலிலும், ஒன்று 0 முதல் 1 வரையிலும், வேறொன்று -1 முதல் +1 வரையிலும் எழுதும் என்பதையும், எண்ணிக்கை படத்தின் மேல் மூலையில் தொடங்குகிறதா கீழ் மூலையிலா என்பதையும் கவனித்தாக வேண்டும். மாயா, ஹூடினி, நியூக் போன்ற அனிமேஷன் மென்பொருள்களுக்கும், படங்களை அடுக்கிச் சேர்க்கும் காம்ப் மென்பொருள்களுக்கும் அனுப்பும்போது மறுசால்வுக்கு இடமில்லை என்பதால் முடிந்த கேமராவே போகிறது, அதனுடன் அதன் எல்லா அனுமானங்களும் போயாக வேண்டும்.

ஒரே கேமராவால் எடுத்த படத்திலிருந்து உலகின் உண்மையான அளவைக் கண்டுபிடிக்கவே முடியாது. பத்தடி நகர்ந்த கேமரா பெரிய கட்டடத்தைப் பார்த்ததும், ஓரங்குலம் நகர்ந்த கேமரா அதன் பொம்மை மாதிரியைப் பார்த்ததும் படத்தில் ஒன்றாகவே பதியும். எனவே சால்வில் வரும் உலகம், மென்பொருள் எதேச்சையாகத் தேர்ந்த அளவிலும் சாய்விலும் மிதந்துகொண்டிருக்கும். அனுப்பும் முன், தரையில் இருக்கும் மூன்று புள்ளிகளைக் கொண்டு தரையைக் கிடைமட்டமாக்கி, தளத்தில் டேப்பால் அளந்த ஏதேனும் ஒரு தூரத்தைக் கொண்டு அளவை நிலைநிறுத்தி, காட்சியின் நடுவில் தொடக்கப் புள்ளியை வைத்துவிட வேண்டும். இந்த அளவு மாற்றத்தைக் கேமராவுக்கு மேலே, பொருள்களை ஒன்றாகக் கட்டும் குரூப் ஒன்றைப் பூட்டி அதில் ஏற்றிவிடுவது சுலபமான குறுக்குவழி. ஆனால் கேமராவே நூறு மடங்கு பெருக்கப்பட்டதாகக் கருதப்படும்போது சில மென்பொருள்களில் குவியமும் அசைவு மங்கலும் குழம்பிப் போகும் என்பதால், மாற்றத்தைக் கேமராவின் ஒவ்வொரு ஃபிரேம் எண்ணிலும் கரைத்து எழுதுவதே நலம். இதைத் தொழிலில் பேக் செய்தல் என்கிறார்கள்.

தொடக்கப் புள்ளியை அருகில் வைக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. லேசர் கருவியால் தளத்தை அளந்து தரும் நில அளவையாளர்கள் சிலசமயம் உலக வரைபட ஆயங்களிலேயே எண்களைத் தருவார்கள். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே மீட்டரில் எண்ணும் யூடிஎம் முறையில் சென்னையின் எண் 14 லட்சத்தைத் தாண்டும். பெரும்பாலான முப்பரிமாண மென்பொருள்கள் புள்ளிகளைச் சேமிக்கும் 32 பிட் எண்ணால் அந்த இடத்தில் 12.5 சென்டிமீட்டருக்குக் குறைவான வேறுபாட்டைக் குறிக்கவே இயலாது. அளவையாளரின் கருவி மில்லிமீட்டர் வரை அளந்தது. கோப்பைத் திறந்ததும் செங்கல் சுவர் படிக்கட்டாக நிற்கிறது.

பரவலாக நேரும் பிழை லென்ஸின் குவிய நீளத்தைப் பற்றியது. 35 மில்லிமீட்டர் லென்ஸ் என்று சொல்லும்போது அது எவ்வளவு அகலமான காட்சியைக் காட்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. லென்ஸுக்குப் பின்னால் படம் விழும் சென்சாரின் அகலத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பார்வைக் கோணம் தெரியும். பழைய ஃபிலிம் காலத்துப் பெயராலேயே அந்த அகலத்தை இன்றும் ஃபிலிம் பேக் என்று அழைக்கிறார்கள். ஆரி அலெக்சா மினி கேமராவின் முழுச் சென்சாரில், அதாவது ஓப்பன் கேட் முறையில், படம் விழும் பரப்பு 28.25 மில்லிமீட்டர் அகலமும் 18.17 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அதில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 44 பாகை அகலக் காட்சியைக் காட்டும். குவிய நீளம் மட்டும் கோப்பில் சென்று, மறுபுறத்து மென்பொருள் தன் வழக்கமான 36 மில்லிமீட்டர் அகலத்தைப் போட்டுக்கொண்டால், கோணம் 54 பாகையாக விரிந்துவிடும். கேமரா சரியான இடத்தில் நின்று, சரியான திசையில் பார்த்தும், காட்சி முழுதும் சிறுத்துப் போகும். இதைக் கண்டுகொண்ட கலைஞர் குவிய நீளத்தைக் கையால் திருத்திப் படத்தைப் பொருத்திவிடலாம்தான். ஆனால் அடுத்த துறைக்கு அந்தப் போலி எண்ணே உண்மையான லென்ஸாகப் போய்ச் சேரும், அவர்கள் அதைக் கொண்டு குவிய மங்கலைக் கணக்கிடுவார்கள்.

அலகும் இங்கே தன் பங்குக்குக் குழப்புகிறது. மாயா ஃபிலிம் பேக்கை அங்குலத்தில் வைத்துக்கொண்டு குவிய நீளத்தை மில்லிமீட்டரில் வைத்திருக்கிறது. நியூக்கில் இரண்டும் மில்லிமீட்டர். அலெம்பிக் கோப்பில் ஃபிலிம் பேக் சென்டிமீட்டரில் எழுதப்படும். நல்ல ஏற்றுமதி நிரல்கள் இவற்றைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. யாரோ ஒருவர் அவசரத்துக்கு எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட் மாற்றுமா என்பதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். படத்தை நெருக்கிப் பதிவுசெய்யும் அனமார்ஃபிக் லென்ஸுகளில், பிக்சலே சதுரமாக இல்லாமல் அகலமாகக் கருதப்படுவதால், நெருக்கிய அகலமா விரித்த அகலமா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

லென்ஸ் சிதைவு இதனினும் ஆழமான சிக்கல். எந்த லென்ஸும் நேர்கோட்டை முழுதும் நேர்கோடாகப் பதிவதில்லை. படத்தின் ஓரங்களில் கதவுநிலையும் தூணும் சற்றே வெளிப்பக்கமோ உட்பக்கமோ வளைந்திருக்கும். கணினிக் கேமராவின் லென்ஸோ வளைவே இல்லாத இலட்சிய லென்ஸ். ஆகவே மேட்ச்மூவ் மென்பொருள் வளைவைக் கணக்கிட்டு நீக்கிய பிறகுதான் சால்வ் பொருந்தும். இந்த வளைவை, நடுவிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம், நான்காம் படி என்று போகும் ஒரு தொடராக எழுதுவது டுவேன் பிரவுன் பெயரோடு இணைந்த பழைய வழக்கம். வழக்கம் ஒன்றானாலும் அதை எழுதும் விதம் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். தூரத்தை அளக்கும்போது ஒன்று படத்தின் மூலைவிட்டத்தில் பாதியை ஒன்று என்று கொள்ளும், இன்னொன்று அகலத்தை, வேறொன்று குவிய நீளத்தையே அளவுகோலாக்கும். வளைந்த படத்திலிருந்து நேர்ப்படத்துக்குப் போகும் சூத்திரத்தை ஒன்று வைத்திருக்கும், நேர்ப்படத்திலிருந்து வளைந்த படத்துக்கு வரும் சூத்திரத்தை மற்றொன்று. ஒன்றைத் திருப்பிப் போட்டு மற்றொன்றைப் பெற எளிய வாய்பாடு கிடையாது, படிப்படியாக நெருங்கித்தான் காண முடியும். எனவே ஒரு மென்பொருளின் சிதைவு எண்ணை இன்னொன்றின் கட்டத்தில் தட்டச்சு செய்வது, பெயர் ஒத்திருக்கிறது என்பதைத் தவிர வேறு எந்த நியாயமும் இல்லாத செயல்.

இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி எஸ்டி மேப் என்பது. சூத்திரத்தை அனுப்புவதற்குப் பதிலாக, இந்தப் பிக்சலின் நிறத்தை மூலப்படத்தில் எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்ற விவரத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் எழுதிய ஒரு படத்தையே அனுப்பிவிடுவார்கள். சிவப்பு நிற மதிப்பு கிடைமட்ட இடத்தையும் பச்சை நிற மதிப்பு செங்குத்து இடத்தையும் குறிக்கும். பார்ப்பதற்குக் கறுப்பிலிருந்து மஞ்சளுக்குப் படரும் வெறும் நிறச்சாயல். வளைவை நீக்க ஒன்று, மீண்டும் ஏற்ற ஒன்று என இரண்டு படங்கள் வேண்டும். இதில் எந்தச் சூத்திரமும் இல்லாததால் எந்த மென்பொருளும் படித்துக்கொள்ளும். ஆனால் சேமிக்கும் விதத்தில் கை தவறினால் பயனில்லை. சாதாரண 8 பிட் படமாகச் சேமித்தால் 256 மதிப்புகளே இருப்பதால், 4096 பிக்சல் அகலப் படத்தில் பதினாறு பிக்சலுக்கு ஒரு படி விழும். திரைத்துறைக்குப் பழக்கமான 16 பிட் இஎக்ஸ்ஆர் படக்கோப்பு போதும் என்று தோன்றலாம்; அந்த எண்வகையால் 0.5க்கும் 1க்கும் இடையே 2048இல் ஒரு பங்குக்குக் குறைவான படியை எடுக்க முடியாது என்பதால், அதே அகலத்தில் படத்தின் வலப்பாதி முழுதும் இரண்டிரண்டு பிக்சலாகத் துள்ளும். அரைப் பிக்சல் பிழைக்கே முகம் சுளிக்கும் வேலையில் இது ஏற்கத்தக்கதன்று. 32 பிட் இஎக்ஸ்ஆராகவும், நிறத்திருத்தம் எதுவும் ஏறாமலும் எழுதினால்தான் எஸ்டி மேப் நம்பத்தக்கது. முதல் பிக்சலின் இடம் அதன் மூலையா நடுவா என்பதில் இரு மென்பொருள்கள் மாறுபட்டாலும் அரைப் பிக்சல் நகர்ந்துவிடும்.

வெளிப்பக்கம் வளைந்த கோடுகளை நேராக்கும்போது படத்தின் மூலைகள் வெளியே தள்ளப்படுவதால் நேர்ப்படம் மூலப்படத்தைவிடப் பெரிதாகிறது. அந்த உபரிப் பரப்புக்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். 3424 பிக்சல் அகலப் படம் ஏறக்குறையப் பத்து விழுக்காடு விரிந்து 3766 பிக்சல் ஆகிறது என்றால், ஃபிலிம் பேக்கும் அதே விகிதத்தில் 28.25இலிருந்து 31.07 மில்லிமீட்டராக விரிய வேண்டும். குவிய நீளம் மாறக் கூடாது. பிக்சலை மட்டும் பெருக்கி ஃபிலிம் பேக்கை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது.

திசைகளுக்கு வந்தால், மாயாவிலும் நியூக்கிலும் ஒய் அச்சு மேல்நோக்கியது; பிளெண்டரிலும் 3டிஎஸ் மேக்ஸிலும் இசட் அச்சு மேல்நோக்கியது; அன்ரியல், யூனிட்டி, சினிமா 4டி ஆகியவை இடக்கை வழக்கத்தில் அச்சுகளை அடுக்குவதால் ஒரு திசையின் குறியே மாறிவிடும். கேமரா கவிழ்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு வந்து நின்றால் யாரும் உடனே கண்டுகொள்வார்கள் என்பதால் இது பெரிய ஆபத்தன்று. திருப்பங்களின் வரிசையே கண்ணுக்குத் தப்புவது. ஒரு கேமராவின் திருப்பம் மூன்று கோணங்களாக எழுதப்படுகிறது. எந்த அச்சில் முதலில் திருப்புவது என்ற வரிசை மாறினால் அதே மூன்று எண்கள் வேறு திசையைக் காட்டும். மாயாவில் வழக்கமான வரிசை எக்ஸ்-ஒய்-இசட், நியூக்கில் இசட்-எக்ஸ்-ஒய். கேமரா ஒரே அச்சில் மட்டும் திரும்பும் ஷாட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதால், எளிய ஷாட்டில் சோதித்துத் தேறிய ஏற்றுமதி கடினமான ஷாட்டில் கவிழும்.

கோணம் 179 பாகையிலிருந்து அடுத்த ஃபிரேமில் -179க்குத் தாவுவது இன்னொரு பொறி. உண்மையில் கேமரா இரண்டு பாகைதான் திரும்பியது, இரண்டு ஃபிரேமிலும் நிற்கும் இடமும் சரி. ஆனால் அசைவு மங்கலை உருவாக்க, ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் இடைப்பட்ட கணங்களில் கேமரா எங்கே இருந்தது என்று, இறுதிப் படத்தை உருவாக்கும் ரெண்டர் மென்பொருள் கேட்கும்போது, கேமரா 358 பாகை சுழன்றதாகவே விடை வரும். அந்த ஒரே ஃபிரேமில் காட்சி முழுதும் கோடாக இழுபட்டிருக்கும். அனுப்பும் முன் கோண வளைவரைகளை ஒருமுறை பார்த்து, தாவல்களை 181, 182 என்று தொடர்ச்சியாக்கிவிட்டால் தீர்ந்தது.

காலக்கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்கள் பலவும் ஷாட்டின் முதல் ஃபிரேமை 1001 என்று எண்ணுகின்றன. எஃப்பிஎக்ஸ், அலெம்பிக் போன்ற கோப்புகளோ ஃபிரேம் எண்ணை எழுதாமல் நேரத்தை எழுதுகின்றன. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் 1001ஆம் ஃபிரேம் சுமார் 41.708ஆம் நொடி. மறுபுறத்தில் காட்சி 23.976 என்று, துல்லியமாகச் சொன்னால் 24ஐ 1.001ஆல் வகுத்த வேகத்தில் அமைக்கப்பட்டிருந்தால், அதே நொடி மிகச் சரியாக 1000ஆம் ஃபிரேமில் வந்து உட்காரும். முழு ஃபிரேமிலேயே விழுவதால் எதுவும் பிசகியதாகத் தெரியாது; கேமரா முழுதும் ஒரு ஃபிரேம் முந்தி ஓடிக்கொண்டிருக்கும்.

கோப்பு வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்களான ஐஎல்எம்மும் சோனி இமேஜ்வொர்க்ஸும் சேர்ந்து உருவாக்கிய அலெம்பிக், பிக்சார் 2016இல் திறந்த மூலமாக்கிய யூஎஸ்டி, பழைய எஃப்பிஎக்ஸ், ஒரு வரிக்கு ஒரு ஃபிரேம் என்று எட்டு எண்களை மட்டும் எழுதும் சான் கோப்பு ஆகிய எதைத் தேர்ந்தாலும் கேமராவின் அசைவு போய்ச் சேரும். மேட்ச்மூவ் மென்பொருளின் லென்ஸ் சூத்திரம் இவற்றில் வழக்கமாகப் போகாது. ஆகவே ஃபிலிம் பேக், மூலப்படத்தின் அளவு, ஓவர்ஸ்கேன் அளவு, முதல் ஃபிரேம் எண், வேகம், அலகு, மேல்நோக்கிய அச்சு ஆகியவற்றை ஓர் எளிய உரைக் கோப்பில் எழுதிக் கேமராவோடு வைத்து அனுப்பும் பழக்கம் எந்த நவீன வடிவத்தையும்விட அதிகமான வேலையை மிச்சப்படுத்துகிறது.

அனுப்பியதைச் சோதிக்க, முப்பரிமாணப் புள்ளித் திரளையும் தெரிந்த அளவுள்ள ஒரு கனசதுரத்தையும் கேமராவோடு அனுப்பி, மறுபுறத்தில் வளைவு நீக்கிய படத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் ஃபிரேம் பொருந்துவதால் எதுவும் நிரூபணமாகாது; நடுவும் கடைசியும், குறிப்பாகப் படத்தின் மூலைகளும் பார்க்கப்பட வேண்டும். பிசகு தெரிந்தால் அதன் வடிவமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். புள்ளிகள் நடுவில் பொருந்தி ஓரத்தில் விலகி, விலகல் ஓரத்தை நெருங்க நெருங்க வேகமாக வளர்ந்தால் சிதைவு நீக்கப்படாத படம் பின்னணியில் இருக்கிறது. நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் சீரான விகிதத்தில் விலகினால் ஃபிலிம் பேக்கையோ ஓவர்ஸ்கேனையோ பார்க்க வேண்டும். கேமரா நிற்கும்போது பொருந்தி, நகரும்போது மட்டும் விலகி, திசை மாறும்போது விலகலின் திசையும் மாறினால் ஃபிரேம் எண் ஒன்று தள்ளியிருக்கிறது. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு ஒரே பக்கம் நகர்ந்து, ஷாட் முழுதும் அப்படியே நின்றால் லென்ஸின் மையமோ பிக்சலின் மூலை-நடு வழக்கமோ காரணம். எதுவும் விலகாமல் பொருந்தி, வைத்த கனசதுரம் மட்டும் தெருவில் நிற்கும் ஆளைவிட மூன்று மடங்கு உயரமாகத் தெரிந்தால், கேமரா ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. டேப் அளவை ஏற்றுவதற்கு முன்பே யாரோ கோப்பை அனுப்பிவிட்டார்கள்.